வயதான சென்டரை பெஞ்சுக்கு எடுக்கலாமா?

பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் ஜூலையிலேயே முடிந்துவிடும். ஆகஸ்ட் பிறந்ததும் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ரசிகர்கள் நடுவே ஆண்டு தவறாமல் ஒரு வழக்கு கிளம்பும். அணியில் இன்னும் ஓர் இடம் காலி. வெளியே, ஒரு காலத்தில் சிறந்தவர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடிய ஏழடி ஆள் ஒருவர் முப்பத்தைந்து வயதில் அழைப்புக்குக் காத்திருக்கிறார். எடுக்கலாமா? ஒரு கட்சி "அனுபவத்துக்கு ஈடு உண்டா" என்று கேட்கும். மறு கட்சி "கால் போன ஆளை வைத்து என்ன செய்வது" என்று கேட்கும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

முடிவெடுக்க உதவும் கேள்விகள் வேறு. இவர் எந்தப் பதினைந்து நிமிடம் ஆடப்போகிறார்? எந்த மாதிரி அணிக்கு எதிராக? முதல் சென்டர் காயம்பட்டு உட்காரும் இரவில் என்ன செய்வது? பெரும்பாலான அணிகள் மாட்டிக்கொள்வது மூன்றாவது கேள்வியில்தான்.

நிமிடக் கணக்கு

கூடைப்பந்தில் ஐந்து பேரில் மிக உயரமானவர், வளையத்துக்குப் பக்கத்தில் நிற்பவர், சென்டர். எதிரணி வளையத்தை நோக்கி வரும்போது கடைசிச் சுவர் அவர்தான். தவறிய பந்தைப் பிடிப்பது (ரீபவுண்ட்), எறியும் பந்தைத் தடுப்பது (பிளாக்), பந்து வைத்திருக்கும் தோழனுக்காக எதிராளியின் வழியில் தூண்போல் நிற்பது (ஸ்கிரீன்) எல்லாம் அவர் வேலை. பேக்கப் சென்டர் என்பவர் முதல் சென்டர் மூச்சு வாங்கும்போது உள்ளே வருபவர்.

ஒரு ஆட்டம் 48 நிமிடம், ஒரு பருவம் 82 ஆட்டம். ஆக சென்டர் இடத்தில் நிரப்ப வேண்டியது 3,936 நிமிடம். முதல் சென்டர் 65 ஆட்டம், ஆட்டத்துக்கு 32 நிமிடம் ஆடுகிறார் என்று வையுங்கள். இன்றைய நிலையில் இது மோசமான கணக்கு இல்லை. 2,080 நிமிடம் அவருக்குப் போக மிச்சம் 1,856.

இந்த 1,856 எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். முதல் சென்டர் ஆடும் 65 இரவுகளில் ஆட்டத்துக்கு 16 நிமிடம் வீதம் 1,040. அவர் ஆடாத 17 இரவுகளில் முழு 48 நிமிடமும் காலி என்பதால் 816. அதாவது பேக்கப் வேலையில் ஏறக்குறைய 44 சதவீதம் வெறும் 17 இரவுகளில் குவிந்து கிடக்கிறது. வயதானவரை எடுக்கும்போது எல்லோரும் அந்த 16 நிமிடத்தைத்தான் நினைக்கிறார்கள். அவரை உடைப்பது அந்த 17 இரவுகள். 36 வயதில் பதினாறு நிமிடம் அழகாக ஆடுபவர், முப்பது நிமிடம் ஆடச் சொன்னால் இரட்டிப்பு வேலை செய்வார் என்று எதிர்பார்ப்பது, பழைய ஸ்கூட்டரில் ஊட்டிக்கு ஏறலாம் என்று நினைப்பதைப் போல. ஏறும். திரும்பி வருமா என்பது வேறு.

பதினாறு நிமிடம் பெரிய விஷயமா என்றும் கேட்கலாம். பெஞ்சு சென்டர் களத்தில் இருக்கும்போது அணி 48 நிமிடத்துக்கு 5 புள்ளி என்ற வேகத்தில் பின்தங்குகிறது என்றால், 16 நிமிடத்தில் இழப்பது ஒன்றரைப் புள்ளிக்குச் சற்று மேல். பருவம் முழுக்கச் சராசரி வித்தியாசத்தில் ஒரு புள்ளி என்பது சுமார் இரண்டரை வெற்றிக்குச் சமம் என்பது பழகிப்போன கணக்கு. ஆக நான்கு வெற்றி. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபில் சொந்த ஊரில் முதல் ஆட்டமா, வெளியூரிலா என்பதை முடிவு செய்ய நான்கு வெற்றி தாராளம்.

வயதில் முதலில் எது போகும்?

உயரம் போகாது. கைநீளம் போகாது. ஸ்கிரீனை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்ற அறிவு வயதாக ஆகக் கூடும். எறியும் கையும் பெரும்பாலும் நிற்கும். புரூக் லோபஸ் முதல் எட்டு பருவங்களில் மொத்தமே 3 மூன்று-புள்ளி எறிதல்களைத்தான் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவை) உள்ளே போட்டிருந்தார். ஒன்பதாவது பருவத்தில், 2016-17இல், 134 போட்டார். அந்த மாற்றம்தான் அவர் ஆயுளை நீட்டியது. 2025இல் 37 வயதில் கிளிப்பர்ஸ் அணி அவரை எடுத்தது. மூலையில் நின்று எறியத் தெரிந்த வயதான சென்டருக்கும் தெரியாதவருக்கும் சந்தையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

போவது மூன்று. பக்கவாட்டில் நகரும் வேகம். அடுத்து, ரசிகர்கள் அதிகம் கவனிக்காத இரண்டாவது குதி: ஒருமுறை குதித்து இறங்கிய உடனே மறுபடி எழும்புவது. முதல் குதி முப்பத்தாறு வயதிலும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் பயிற்சிக்கூடத்தில் எடுத்த வீடியோக்கள் ஏமாற்றும். மூன்றாவது, பந்து கைமாறியதும் திரும்பி ஓடும் முதல் நான்கு எட்டு.

இதன் விளைவை ஒரே ஒரு நகர்வில் பார்த்துவிடலாம். பிக் அண்ட் ரோல். பந்தை நடத்திவரும் வேகமான ஆளான கார்டு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறார். எதிரணிச் சென்டர் வந்து நம் காவலாளியின் தோளுக்குப் பக்கத்தில் ஸ்கிரீன் போடுகிறார். கார்டு அதை உரசிக்கொண்டு உள்ளே வருகிறார், நம் காவலாளி ஸ்கிரீனில் மாட்டி ஒரு நொடி பின்தங்குகிறார். அந்த ஒரு நொடி, ஒன்றரை நொடிக்கு நம் வயதான சென்டர் தனியாக இரண்டு பேரைப் பார்க்க வேண்டும்: முன்னால் பந்தோடு வருபவர், பின்னால் வளையத்தை நோக்கி உருள்பவர்.

இவர் செய்யக்கூடியது பெரும்பாலும் டிராப். அதாவது ஏறிவராமல் பின்வாங்கி, ஃப்ரீ த்ரோ (பவுலுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எறியும் கோட்டுக்கு உள்ளே நின்று, பந்தை முன்னாலும் உருள்பவரைப் பின்னாலும் போகவிடாமல் வைத்திருப்பது. சரியாகச் செய்தால் கார்டு வளையமும் போக முடியாமல் பாஸும் கொடுக்க முடியாமல் நடுவில் நின்று கடினமான எறிதல் எடுப்பார். வேகம் குறைந்தவர் தன்னைக் கடந்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஓர் அடி கூடுதலாகப் பின்வாங்குவார். ஓர் அடிதான். அந்த ஓர் அடியில் கார்டுக்கு பத்து அடித் தொலைவில் யாரும் மறைக்காத ஃப்ளோட்டர் (உயரமாக மிதக்கவிடும் எறிதல்) கிடைக்கிறது. அதைத் தடுக்க இவர் முன்னே ஓர் எட்டு வைத்தால் தலைக்கு மேலே லாப் பாஸ் போகிறது, பின்னால் டங்க், அதாவது பந்தை வளையத்துக்குள் கையாலேயே திணிப்பது. ஸ்கிரீன் போட்டவரே தூரத்திலிருந்து எறியத் தெரிந்தவர் என்றால் இன்னும் கொடுமை: அவர் உருளாமல் 24 அடிக்கு வெளியே நகர்ந்துவிடுவார், இவர் பெயின்ட்டிலிருந்து (வளையத்தடி வண்ணப்பகுதி) அங்கே ஓடி வருவதற்குள் பந்து காற்றில் இருக்கும்.

சரி, வளையத்தடியிலேயே நிறுத்திவைத்தால் என்ன? என்.பி.ஏ.வில் முடியாது. தடுக்கும் அணியின் ஆள், கையெட்டும் தூரத்தில் யாரையும் காவல் காக்காமல் பெயின்ட்டில் மூன்று நொடி நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதியில் இந்தத் தடை இல்லை, ஆட்டமும் 40 நிமிடம்தான். ஐரோப்பாவில் பெரிய உடம்புச் சென்டர்கள் இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊரிலும் ஃபீபா விதிதான் என்பதால், உள்ளூர் ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்கு என்.பி.ஏ. அணிகள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன என்பது முதலில் புரியாது.

கால் தாமதமானால் கை முந்தும். அதுதான் பவுல். 14 நிமிடத்தில் 3 பவுல் என்றால் கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். 36 நிமிடக் கணக்கில் அது 7.7, ஆறு பவுலுக்கே வெளியே போக வேண்டிய விளையாட்டில் முழு ஆட்டம் ஆடவே முடியாத வேகம். ஒவ்வொரு கால்பகுதியிலும் ஐந்தாவது அணிப் பவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். இரண்டாம் கால்பகுதித் தொடக்கத்தில் பெஞ்சு சென்டர் இரண்டு பவுல் செய்துவிட்டுப் போனால், அந்தக் கடனைக் கட்டுவது திரும்பி வரும் முதல் ஐவர்.

ஒரே ஆள், மூன்று தொடர்

வயதான சென்டரை எப்படி எடுப்பது, எப்படி ஆடவைப்பது என்பதற்கு 2019-20 பருவத்து லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியைவிடத் தெளிவான பாடம் இல்லை. 2019 ஆகஸ்டில் அந்த அணியின் சென்டர் டிமார்கஸ் கசின்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அவசரத்துக்கு டுவைட் ஹோவர்டை எடுத்தார்கள். வயது 33. அதற்கு முந்தைய பருவத்தில் முதுகுத் தொல்லையால் வாஷிங்டனுக்காக ஆடியது 9 ஆட்டம் மட்டும். அதனால் லேக்கர்ஸ் உத்தரவாதம் இல்லாத குறைந்தபட்சச் சம்பள ஒப்பந்தம்தான் கொடுத்தது. சரிவராவிட்டால் பெரிய நஷ்டம் இல்லாமல் அனுப்பிவிடலாம்.

பருவம் முழுக்க ஆட்டத்துக்கு 19 நிமிடம் ஆடினார், 7.5 புள்ளி, 7.3 ரீபவுண்ட். எண்கள் பெரிதல்ல. கவனிக்க வேண்டியது அந்த நிமிடங்களைச் சுற்றியிருந்த ஏற்பாடு. தொடக்கத்தில் ஜவேல் மெக்கீ ஆடுவார், பெஞ்சிலிருந்து ஹோவர்ட் வருவார், ஆட்டம் முடிவாகும் கடைசி நிமிடங்களில் பல இரவுகள் அணியின் நட்சத்திரமான ஆன்டனி டேவிஸ் தானே சென்டராக நின்றுவிடுவார். அதாவது இரண்டு வயதான சென்டர்கள் விழுந்தாலும் மூன்றாவது வழி கையில் இருந்தது.

பிளே-ஆஃபில் இரண்டாம் சுற்றில் ஹூஸ்டன் வந்தது. ஹூஸ்டன் தன் சென்டரான கிளின்ட் கபெலாவை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, ஆறடி ஐந்தங்குல பி.ஜே. டக்கரைச் சென்டராக நிறுத்தி ஆடிய அணி. ஐவரும் வெளியே நின்று எறிவார்கள். ஹோவர்டுக்கு அங்கே வேலையே இல்லை. தொடரில் பெரும்பகுதி உட்காரவைத்தார்கள். அடுத்த சுற்றில் டென்வர், அதன் பெரிய உடம்புச் சென்டர் நிகோலா யோகிச். உடம்போடு உடம்பு மோத ஆள் வேண்டும். ஹோவர்ட் திரும்ப வந்தார், நான்காவது ஆட்டத்தில் தொடக்க ஐவரில் நின்று 12 புள்ளி, 11 ரீபவுண்ட். இறுதித் தொடரில் மயாமிக்கு எதிராக ஐந்து ஆட்டம் தொடக்கத்தில் இறங்கினார். கோப்பையைத் தீர்மானித்த ஆறாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல் அவரை எடுத்துவிட்டு அலெக்ஸ் கருசோ என்ற கார்டைத் தொடங்கவைத்தார். லேக்கர்ஸ் 106-93.

ஒரே ஆள், ஒரே மாதக் கணக்கு. ஒரு தொடரில் பூஜ்யம், ஒரு தொடரில் ஆயுதம், ஒரு தொடரில் பாதி வழி. எட்டு முறை ஆல்-ஸ்டார் ஆடியவர் இதைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டதும் அந்த ஒப்பந்தத்தின் விலையில் சேர்த்திதான். ஏற்காதவர் என்றால் மினிமத்துக்கு, அதாவது குறைந்தபட்சச் சம்பளத்துக்கு, வந்தாலும் அதிக விலை.

இரண்டு ஆண்டு கழித்து அதே லேக்கர்ஸ் அதே ஹோவர்டைத் திரும்ப எடுத்தது, கூடவே 33 வயதுச் சென்டர் டியாண்ட்ரே ஜோர்டானையும். 2021-22. டேவிஸ் அடிக்கடி காயம்பட்டார், மூன்றாவது வழி அடைபட்டது, முதியவர்களே முதல் திட்டமானார்கள். 33 வெற்றி, 49 தோல்வி. ஜோர்டானை மார்ச் தொடக்கத்தில் விடுவித்தார்கள்.

விடுவித்ததும் பிலடெல்பியா அவரை எடுத்தது, தன் முதல் சென்டர் ஜோயல் எம்பீடுக்குப் பின்னால் நிற்க. மே 2022, மயாமிக்கு எதிரான தொடர். எம்பீடுக்குக் கண்குழி எலும்பு முறிந்து முதல் இரண்டு ஆட்டங்கள் இல்லை. மேலே சொன்ன மூன்றாவது கேள்வி வாசலில் வந்து நின்ற இரவு அது. பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ் இளைஞரான பால் ரீடை விட்டுவிட்டு ஜோர்டானைத் தொடங்கவைத்தார். ஜோர்டான் களத்தில் இருந்த 17 நிமிடத்தில் பிலடெல்பியா 22 புள்ளி பின்தங்கியது. ஆட்டத்தில் மொத்தத் தோல்வி வித்தியாசமே 14 புள்ளி: 106-92. இதில் ஜோர்டானை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பாம் அடபாயோ போன்ற வேகமான சென்டருக்கு எதிரே, பிக் அண்ட் ரோலை நாள் முழுக்க ஆடும் அணிக்கு எதிரே, அவரை முதல் ஆளாக நிறுத்தியது நிர்வாகமும் பயிற்சியாளரும் எடுத்த முடிவு. அதே ஜோர்டான் அந்தக் கோடையிலேயே டென்வர் போய், யோகிச்சின் நிழலில் சில நிமிடம் ஆடி, பிளே-ஆஃபில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்து, 2023இல் கோப்பை வாங்கினார்.

பணம் மலிவு, நாற்காலி விலை அதிகம்

என்.பி.ஏ.வில் குறைந்தபட்சச் சம்பளம் அனுபவத்தோடு ஏறும். 2024-25 பருவத்தில் பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஆடியவருக்கு 33,03,771 டாலர். இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 20,87,519 டாலர். இப்படி இருந்தால் எல்லா அணியும் இளைஞரையே எடுக்கும், முதியவர் தெருவில் நிற்பார். அதனால் லீக் ஒரு வழி வைத்திருக்கிறது: முதியவரோடு ஓராண்டு மினிமம் ஒப்பந்தம் போட்டால், அணியின் கணக்கில் ஏறுவது இரண்டாண்டு அனுபவக்காரரின் தொகை மட்டும். மீதி 12,16,252 டாலரை லீக் கொடுத்துவிடும். சம்பள வரம்பு, சொகுசு வரி எல்லாவற்றுக்கும் அந்தச் சிறிய தொகையே கணக்கு.

புதியவர்கள் தவறவிடும் நுணுக்கம்: இது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மட்டும். "இரண்டாவது ஆண்டு என் விருப்பம்" என்று ஆட்டக்காரர் கேட்டு அணி தலையாட்டினால், சலுகை போய் முழுத்தொகையும் ஏறும். 36 வயதுக்காரருக்கு இரண்டாவது ஆண்டு கொடுப்பதில் உடம்பு சார்ந்த ஆபத்து ஒருபக்கம் இருக்க, இந்தப் பண நஷ்டம் முதல் நாளிலேயே தொடங்கிவிடும்.

வரி கட்டும் அணிக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதே 2024-25இல் சொகுசு வரிக் கோடு சுமார் 17.08 கோடி டாலர். அணியின் மொத்தச் சம்பளம் அதைத் தாண்டினால், முதல் படியில் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் அந்தப் பருவத்தில் ஒன்றரை டாலர் வரி. ஆக 20.87 லட்சம் டாலர் ஆள், வரி 31.31 லட்சமும் சேர்த்து, உரிமையாளருக்கு 52 லட்சத்துக்கு மேல் செலவு வைப்பார். தொடர்ந்து வரி கட்டும் அணிக்கு விகிதம் இன்னும் ஏறும். இருந்தாலும் பணக்கார அணிகள்தான் வயதான சென்டர்களை அதிகம் எடுக்கின்றன. காரணம் எளிது. சுமார் 18.89 கோடி டாலரில் இருந்த இரண்டாவது ஏப்ரன் என்ற மேல்கோட்டைத் தாண்டிய அணிக்கு, ஒப்பந்தம் இல்லாமல் வெளியே இருக்கும் ஆளை எடுக்க மினிமம் ஒப்பந்தத்தைத் தவிர வேறு வழியே கிடையாது. கடையில் அந்த விலைக்குக் கிடைப்பவர் இரண்டே வகை: இன்னும் நிரூபிக்காதவர், ஏற்கெனவே நிரூபித்து முடித்தவர்.

பணத்தைவிட விலை கூடியது இடம். முழு ஒப்பந்த இடங்கள் பதினைந்து. இவற்றோடு, முதன்மை அணிக்கும் அதன் வளர்ப்பு அணிக்கும் இடையே போய்வரும் டூ-வே ஒப்பந்தத்தில் மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான்கு ஆண்டுக்குக் குறைவாக ஆடியவர்களுக்குத்தான் டூ-வே. முதியவரை அங்கே ஒளித்துவைக்க முடியாது. டூ-வே இளைஞர் பருவத்தில் 50 ஆட்டம் வரை அணியோடு இருக்கலாம், பிளே-ஆஃபில் ஆடக்கூடாது. ஆக முதியவருக்குக் கொடுக்கும் நாற்காலி, ஏப்ரலில் ஆடத் தகுதி பெற வேண்டிய ஓர் இளைஞரிடமிருந்து எடுத்தது.

ஒளிப்பதிவில் எதைப் பார்ப்பது

சராசரி எண்களை நம்பி எடுக்காதீர்கள். ஆட்டத்துக்கு எட்டு ரீபவுண்ட் என்பது அவர் பிடித்ததா, பக்கத்தில் யாரும் இல்லாமல் கையில் விழுந்ததா என்பதை எண் சொல்லாது. கடந்த பருவத்தின் கடைசி இரண்டு மாதத்திலிருந்து, அவர் காவல் காத்த இருபது பிக் அண்ட் ரோல்களை எடுத்துப் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள். ஸ்கிரீன் விழும் நேரத்தில் எங்கே நிற்கிறார்? பந்து தாண்டி வந்ததும் குதிகால் தரையில் ஒட்டியிருக்கிறதா, முன்காலில் நிற்கிறாரா? இருபதில் ஏழெட்டு முறை இடுப்பைத் திருப்பி வளையத்தை நோக்கி ஓட வேண்டி வந்தால், அவரால் டிராப்கூட முடியவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, அவர் அணி பந்தை இழந்த பத்து இடங்கள். முதல் நான்கு எட்டில் ஓடுகிறாரா, நடக்கிறாரா? நடப்பவர் என்றால் எதிரணி ஒவ்வொரு முறையும் ஐந்துக்கு நான்கு என்று வந்து இறங்கும். இது ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலில் அவர் பேரில் ஏறாது, அதனாலேயே ஆபத்து.

அடுத்தடுத்த இரண்டு இரவு ஆட்டங்கள் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் பதினைந்து அளவில் வரும். அவற்றில் எத்தனை முறை இரண்டாவது இரவும் ஆடினார் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் உட்கார்ந்தார் என்றால், உங்கள் திட்டத்திலும் அந்த இரவுகளுக்கு இன்னொருவர் தேவை. மருத்துவப் பரிசோதனையில் முழங்கால், முதுகு, பாதம் மூன்றும் முக்கியம். ஏழடி உடம்பில் இவை ஒவ்வொன்றாகப் போவதில்லை. முதுகைக் காப்பாற்ற நடையை மாற்றுவார், நடை மாறினால் முழங்கால் வாங்கும்.

ஃப்ரீ த்ரோவும் பாருங்கள். பாதிகூடப் போடாதவரை எதிரணி வேண்டுமென்றே பிடித்து நிறுத்தும். கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து இல்லாத ஆளைப் பிடித்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் திரும்பக் கிடைக்கும் என்ற விதி 2016-17இலிருந்து எல்லாக் கால்பகுதிக்கும் உண்டு. ஆனால் பேக்கப் ஆடுவது நடுப்பகுதியில், அங்கே அந்தப் பாதுகாப்பு கிடையாது.

"உடைமாற்றும் அறையில் பெரியவர்" என்ற வாதம் பற்றி இரண்டு வார்த்தை. அது பொய்யில்லை. உடோனிஸ் ஹாஸ்லெம் மயாமியில் இருபது பருவம் இருந்து, கடைசி ஆண்டுகளில் கிட்டத்தட்ட ஆடாமலே, 2023இல் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு அவர் தகுதியானவர் என்று மயாமியில் யாரும் சண்டை போடவில்லை. ஆனால் அந்த வகைப் பெரியவர் அந்த ஊரிலேயே வளர்ந்தவர். ஆகஸ்டில் புதிதாக வந்து இறங்குபவருக்கு அந்த மரியாதை கூடவே வராது. ஆலோசனைக்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால் உதவிப் பயிற்சியாளராக எடுங்கள், பதினைந்தில் ஓர் இடம் மிச்சம்.

எடுப்பதென்றால் எப்படி எடுப்பது

ஓராண்டு, மினிமம், முழு உத்தரவாதம் இல்லாமல். என்.பி.ஏ.வில் எல்லா ஒப்பந்தங்களும் ஜனவரி 10 அன்று பருவம் முழுவதுக்கும் உறுதியாகிவிடும். விடுவித்தவர் காத்திருப்புப் பட்டியலில் இரண்டு நாள் இருக்க வேண்டும் என்பதால், வேண்டாமென்றால் ஜனவரி 7க்குள் விடுவிக்க வேண்டும். அதற்குள் முப்பத்தைந்து ஆட்டம் போல முடிந்திருக்கும். முடிவு சொல்ல அது போதும். ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தங்களும் திறக்கும், காலியான இடத்தில் இளைஞர்களை ஒவ்வொருவராகப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

பயிற்சியாளரோடு எழுதிவைத்துக்கொள்ள வேண்டியது: ஆட்டத்துக்கு 16 நிமிடத்துக்கு மேல் இல்லை, அடுத்தடுத்த இரவுகளில் ஒன்றில் ஓய்வு, முதல் சென்டர் இல்லாத இரவிலும் இவர் இடம் பெஞ்சுதான். கடைசி விதியைத்தான் எல்லோரும் மீறுவார்கள். மூன்று தோல்வி வந்தால் பயிற்சியாளருக்குத் தெரிந்த முகத்தின் மேல் நம்பிக்கை வரும், இருபத்திரண்டு வயதுப் பையன் மேல் வராது. அதனால் டூ-வே இடம் ஒன்றில் சென்டர் ஒருவரை முதல் நாளே வைத்துவிடுவது நல்லது. அந்த 17 இரவும் அவருக்கு. தோற்றாலும் அவர் கற்றுக்கொள்வார்; முதியவர் அந்த இரவுகளில் கற்க ஒன்றுமில்லை, தேய்மானம் மட்டும் உண்டு.

எந்த அணி எடுக்கக் கூடாது? முதல் சென்டர் அடிக்கடி காயப்படுபவராக இருந்து, பின்னால் மூன்றாவது ஆளும் இல்லாத அணி. வெற்றியைவிட இளைஞர் வளர்ச்சியே நோக்கமான அணி. எல்லா ஸ்கிரீனுக்கும் ஆள் மாற்றி ஆடும் அணி. அங்கே இவர் ஒவ்வொரு முறையும் கார்டு ஒருவரைத் தனியாகப் பிடிக்க வேண்டிவரும், நின்றுகொண்டே சாவார்.

கோடையிலேயே எடுக்க வேண்டும் என்றும் இல்லை. இடத்தைக் காலியாக வைத்து பிப்ரவரி வரை காத்திருக்கும் அணிகளும் உண்டு. வேறு அணி மார்ச் 1க்குள் விடுவித்தவர் என்றால் பிளே-ஆஃபில் ஆடலாம். எங்கும் ஆடாமல் வீட்டில் இருந்தவர் என்றால் அந்தச் சிக்கலும் இல்லை. 2008இல் பாஸ்டன் அப்படித்தான் செய்தது. முந்தைய பருவம் சிகாகோவில் ஆடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த 38 வயது பி.ஜே. பிரவுனை பிப்ரவரி இறுதியில் அழைத்து, கென்ட்ரிக் பெர்கின்ஸுக்குப் பின்னால் நிறுத்தியது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அவர் கால் ஒரு ஆட்டத்துக்கும் தேயவில்லை. மே 18, கிளீவ்லேண்டுக்கு எதிரான ஏழாவது ஆட்டம்: பால் பியர்ஸ் 41 புள்ளி, லெப்ரான் ஜேம்ஸ் 45 புள்ளி, பிரவுன் 10 புள்ளி, 6 ரீபவுண்ட். ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது அவர் எறிந்த ஒரு ஜம்ப் ஷாட் உள்ளே விழுந்தது. பாஸ்டன் 97-92. அடுத்த மாதம் கோப்பை. அதற்குப் பிறகு பிரவுன் என்.பி.ஏ.வில் ஆடவே இல்லை.